பேர் சொல்ல ஒரு குளவி

எங்கள் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் ஊசியக்கா வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் உண்டு, காற்று கிடையாது. காற்று வந்தால் பூச்சி பறந்துவிடும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார். செத்த பூச்சி எப்படியக்கா பறக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். உயிரோடு இருப்பதாவது கொஞ்சம் யோசித்துவிட்டுப் பறக்கும், செத்தது லேசாக ஊதினாலே போய்விடும் என்றார். இவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

நான் அங்கே ஓவியன். ஓவியன் என்றதும் கடலும் நிலவும் வரைகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குளவியின் காலையும் இறகையும் மீசையையும் பார்த்து, அதைப் பெரிய தாளில் மைப்புள்ளிகளாக வைத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு முடி விட்டுப்போனாலும் எதிர் மேஜையிலிருந்து, இதற்கு மொட்டை போட்டது யார் என்று குரல் வரும். கோபம் வரும் எனக்கு. முடியை எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதனால் கோபம் இன்னும் கூடும்.

பூச்சிக்கு ஊசி குத்துவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் அந்தப் பட்டப்பெயர். நடு முதுகில் குத்தக் கூடாது, சற்றே வலப்பக்கம் தள்ளிக் குத்த வேண்டும். ஒரு பக்கம் சேதமானாலும் மறுபக்கம் முழுசாக மிஞ்சும். இதை எங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவர். விலங்கியல் படித்துவிட்டு உதவியாளராகச் சேர்ந்தவர்தான். தலை நரைப்பதற்குள், குளவி என்றால் ஊசியக்காவைக் கேள் என்று பிரிவுத் தலைவரே கைகாட்டும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் அத்தனை வருஷத்தில் அவர் அடையாளம் சொன்ன குளவியெல்லாம் ஊரார் பெற்ற பிள்ளைகள். எவரோ எப்போதோ பெயர் வைத்தவை. தானே கண்டு, தானே வர்ணித்து, தானே பெயர் வைத்த குளவி ஒன்றுகூட அவருக்கு இல்லை.

அக்கா குள்ளம், ஒல்லி, விறுவிறுவென்று நடப்பார். அவருடைய கணவர் தச்சர். வாசல் நிலையில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம், அதற்கேற்ற அகலம், ஆடி அசைந்து வரும் நடை. இருவரும் சேர்ந்து போனால் புருஷன் பெண்டாட்டி என்று எவரும் நம்பியதில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள், இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அக்காவைக் கேட்டாளாம். தச்சர் முந்திக்கொண்டு, நான் இவங்க வீட்டு வாடகைக்காரன் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு நான் தம்பி என்று ஆனபிறகு அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்பிள்ளை. அவருடைய பட்டறைக்குப் போனால் மரத்தூளைத் தட்டிவிட்டு ஒரு பலகையை இழுத்துப் போடுவார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை, மற்றவர்கள் பேசித்தான் கேட்டிருக்கிறேன். தச்சருக்கு ஓர் அக்கா உண்டு. கையில் இத்தனை வேலை இருந்து என்ன செய்ய, பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையே என்று வீடு நிறைய ஆள் இருக்கும்போது சொல்வார். மனதில் கள்ளமில்லாத அம்மாள்தான், நாக்குக்குத்தான் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு நாள் மதியம், ஊசியை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே ஊசியக்கா என்னிடம் சொன்னார்.

"எனக்கு அது பழகிப்போச்சு தம்பி. அவருக்குப் பழகல. சிரிச்சுக்கிட்டுதான் இருப்பாரு, அன்னைக்கு ராத்திரி சரியாச் சாப்பிட மாட்டாரு."

அந்தக் குளவி வந்தது இதற்கு அடுத்த கோடையில். முதலில் பார்த்தவர் தச்சர். பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த புது ஜன்னல் சட்டத்தில், தாழ்ப்பாளுக்காகக் குடைந்த துளையிலிருந்து காய்ந்த புல் நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் போட்டார். மறுபடி வந்தது. உன் ஆட்களில் எவளோ ஒருத்தி என் சட்டத்தில் துடைப்பம் சொருகுகிறாள் என்று வீட்டில் புகார் சொன்னார். அக்கா மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மரத்தூள் மேல் போய் உட்கார்ந்தார்.

தலை முதல் வால் வரை கறுப்பு. இறகுகூடப் புகை பிடித்த லாந்தர் கண்ணாடி மாதிரி இருந்தது. கூட்டம் கிடையாது, கூடு காக்கும் சொந்தபந்தம் கிடையாது, எல்லாம் ஒற்றை ஆளாக. ஒரு பச்சை வெட்டுக்கிளியைக் கொட்டி, சாகாமல் அசையாமல் செய்து, தன்னைவிடப் பெரிய அதை மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துளைக்குள் போகும். அதன்மேல் ஒரு முட்டை வைக்கும். வெளியே வந்து புல்லைக் கிள்ளி எடுத்துப் போய் வாசலை அடைக்கும். பிறகு திரும்பிப் பார்க்காது. உள்ளே பிறக்கிற பிள்ளை வெட்டுக்கிளியைத் தின்று வளர்ந்து, அம்மா முகம் தெரியாமலே பறந்து போகும்.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்களே அக்கா, அந்தக் குளவியா இது என்று கேட்டேன். புழு எங்கே குளவியாகிறது, குளவிப் பிள்ளைக்குச் சாப்பாடாகிறது, பழமொழி சொன்னவர் கூட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை என்றார். உங்கள் எதிரில் இத்தனை வருஷம் உட்கார்ந்து கொட்டுப்பட்டும் நான் குளவியாகாத காரணம் இப்போதுதான் புரிகிறது என்றேன். அவர் கவனம் முழுக்க அந்தக் குளவியின் இடுப்பில் இருந்தது. உடம்பையும் வயிற்றையும் சேர்க்கிற அந்தக் காம்பு வழக்கத்தைவிட நீளமாக, நடுவில் லேசாக வளைந்திருந்தது. அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

தச்சர் அந்த ஜன்னல் சட்டத்தைக் கேட்டவருக்குக் கொடுக்கவில்லை. வேறு செய்து கொடுத்தார். அதோடு நிற்காமல், கைநீள மரக்கட்டைகளில் பல அளவுத் துளை போட்டு, புத்தகம் மாதிரி இரண்டாகத் திறந்து மூடும்படி கீல் வைத்து, பட்டறைக் கூரை ஓரத்தில் வரிசையாக மாட்டினார். யாருக்கு இந்த வீடு என்று தெருவில் கேட்டார்கள். குளவிக்கு என்றார். வாடகை உண்டா என்றார்கள். மாதம் ஒரு வெட்டுக்கிளி என்றார். குளவிகளும் குடி வந்தன.

ஆனால் கூடு கட்ட வருவதெல்லாம் பெண், ஆண் குளவி மட்டும் கிடைக்கவில்லை. திறந்து பார்த்த கூடுகளில் பூஞ்சை பிடித்தது. திறக்காமல் வலைப்பை கட்டி வைத்தவற்றிலிருந்து, குளவி வரவேண்டிய நாளில் பொடி ஈக்கள் வந்தன. குளவியின் குஞ்சையே தின்று வளர்கிற திருட்டு ஈக்கள். ஆக, கையில் இருந்தது பெண் மட்டும்தான். பெண்ணை மட்டும் வைத்துப் புதிய இனத்தை வர்ணிப்பது இந்தத் தொழிலில் நடப்பதுதான், தவறில்லை.

அடுத்த கோடை திரும்பும்வரை எங்கள் அறையில் வேறு பேச்சு இல்லை. எல்லா இழுப்பறைகளையும் திறந்து, தூர தேசத்து அருங்காட்சியகங்களிலிருந்து பெட்டி பெட்டியாக இரவல் வாங்கி, அக்கா ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டார். தாடைப் பல், முகத்து முடி, இறகு நரம்பின் வளைவு, அந்த இடுப்புக் காம்பு. எதனோடும் சேரவில்லை. ஓரளவு கிட்டத்தில் வந்தது ஒன்றே ஒன்று. எங்கள் இழுப்பறையிலேயே வேறொரு கூட்டத்தோடு கிடந்த பழைய ஒற்றைக் குளவி. நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்த ஒரு மனிதர் பிடித்து, பெயர் வைத்துவிட்டுப் போனது. அது ஆண். இறகு கண்ணாடி போலத் தெளிவு, முகத்தில் வெள்ளி நிற முடி, கால்கள் துருப்பிடித்த ஆணியின் சிவப்பு. அதன்பிறகு அந்த இனத்தை எவரும் பார்த்ததாக எழுதவில்லை. அக்கா தன் கட்டுரையில், அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகள் என்று இறகு நிறம், கால் நிறம், முக முடி எல்லாவற்றையும் எழுதினார். நான் இரண்டின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். என் வாழ்நாளில் நான் வைத்த புள்ளிகளில் அவைதான் ஒழுங்கானவை.

பெயர் வைக்கும் நேரம் வந்தது. இந்தத் தொழிலில் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரியாதையில்லை. அக்கா தயங்கவே இல்லை, கணவரின் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டிவிட்டார். தச்சரை அறைக்கு வரவழைத்து, எழுதியதைக் காட்டிச் சொன்னார். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "நான் போனதுக்கப்புறமும் இது இருக்குமா?" என்று கேட்டார்.

"புஸ்தகம்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் இருக்கும். யாரும் மாத்த முடியாது."

தச்சர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. முடிவெட்டுகிறவர், சாவி செய்கிறவர், மரம் அறுக்கும் கடைக்காரர், ஒருவரையும் விடவில்லை. தன் அக்காவுக்குப் போன் போட்டு, இனி பேர் சொல்ல ஆள் இருக்கிறது என்று சொன்னாராம். தெருவில் அவரைக் குளவியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பட்டம் கிடைத்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போவார். எனக்குக்கூட அவரைப் பார்க்க ஆனந்தமாக இருந்தது.

அச்சுப் படி திருத்துவதற்கு வந்தது. ஒரு புதிய இனத்தின் பெயர் ஒரே ஓர் உடலின் மேல்தான் நிற்கும். அந்த உடலின் ஊசியில் ஒரு சிவப்புச் சீட்டு குத்தப்படும். அக்கா அந்தச் சீட்டை எழுதி உலர வைத்திருந்தார். அந்த வாரத்தில் ஒரு காலை, தச்சர் அறைக்குள் குனிந்து நுழைந்தார். கையில் ஒரு கண்ணாடித் தம்ளர், கவிழ்த்தபடி, அடியில் உப்புத்தாள். வேர்த்து வழிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

"ஆண் கெடைக்கல, ஆண் கெடைக்கலன்னு புலம்பிக்கிட்டே இருந்தியே. கட்டை மேல ரெண்டும் ஒண்ணா சேர்ந்திருந்துச்சு. அப்படியே கவுத்துட்டேன். வர்ற வழியில பிரிஞ்சிடுச்சுங்க."

தம்ளருக்குள் ஒன்று நம் கறுப்பி. மற்றதைக் குனிந்து பார்த்தேன். தெளிந்த இறகு, வெள்ளி முகம், துருச் சிவப்புக் கால். புள்ளி புள்ளியாக நான் வரைந்த முகம் அது. அக்கா தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேர்ந்திருந்ததை நிஜமாகப் பார்த்தீர்களா என்று கேட்டார். கண்ணால் பார்த்தேன் என்றார் தச்சர். நன்றாகப் பார்த்தீர்களா என்று மறுபடியும் கேட்டார். உளி பிடிக்கிற கண் பொய் சொல்லுமா என்று அவர் பெருமையாகச் சொன்னார். ரொம்ப நல்லதாகப் போயிற்று, போய்ச் சாப்பிடுங்கள் என்று அக்கா அவரை அனுப்பிவிட்டார்.

பிறகு பழைய ஆண் குளவியை இழுப்பறையிலிருந்து எடுத்தார். வெகுநேரம் மைக்ரோஸ்கோப்பை விட்டு நிமிரவில்லை. நிறத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் தாடைப் பல், இறகு நரம்பு, இடுப்புக் காம்பின் அந்த லேசான வளைவு, எல்லாம் ஒன்று. நூறு வருஷத்துக்கு முன்னால் பெயர் வைக்கப்பட்ட ஆணுக்கு இவள்தான் ஜோடி. முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், பின்னால் வைத்தது செல்லாது. அது சட்டம். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டு இனத்துக்குள்ள வித்தியாசம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். படம் வேறு போட்டிருந்தோம்.

எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. மாமா என்ன விஞ்ஞானியா, ஏதோ ஓர் ஆண் வழி தவறி வேறு இனத்துப் பெண்மேல் விழுந்திருக்கும், அதைப் பார்த்திருப்பார், அப்படியும் நடக்கத்தானே செய்கிறது என்று வாதாடினேன். அக்கா நிமிரவில்லை. கடைசியில் நான் கேட்டேவிட்டேன்.

"ஜன்னலைத் திறந்து தம்ளரைத் தூக்கினா போதும்க்கா. யாருக்குத் தெரியும்?"

அக்கா ஜன்னலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். திறக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"அது போயிடும் தம்பி. நான் பாத்தது எங்க போகும்?" என்றார். பழைய குளவியைப் பெட்டியில் திரும்பக் குத்திவிட்டு, "எழுதுறது கஷ்டமில்ல. அவருகிட்ட சொல்றதுதான்" என்றார். அப்போது அழுதார். நான் பார்த்து அவர் அழுதது அந்த ஒரு முறைதான்.

அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டார். தச்சர் முழுவதும் கேட்டுக்கொண்டார். அப்ப தெருவில் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டார். பிறகு பட்டறைக்குப் போய் ஒரு பலகையை இழைக்க ஆரம்பித்தவர், அது காகிதமாகும் வரைக்கும் இழைத்தார். அதன்பிறகு சில நாள் வீட்டில் பேச்சில்லை. கோபித்துக்கொண்டு திட்டினால்கூடப் பரவாயில்லை என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுரையைத் திரும்பப் பெற்று, பழைய இனத்தின் பெண் இதுதான் என்று ஒன்றரைப் பக்கக் குறிப்பாகச் சுருக்கி அனுப்பினார். சிவப்புச் சீட்டை மேஜை டிராயரில் போட்டுவிட்டார். நான் போட்ட படங்களில் பாதி வீண். அதைப் பற்றி அவரிடம் முனக எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் அக்கா பிரிவுத் தலைவர் அறையில் இருந்தபோது தச்சர் தானாக வந்தார். அந்தப் பழையவனைக் காட்டு மாப்பிள்ளை என்றார். காட்டினேன். அவர் உயரத்துக்கு முதுகை மடித்துக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"இவன் எவ்வளவு காலமா இங்க இருக்கான்?"

நூறு வருஷத்துக்கு மேல் என்றேன்.

"ஒத்தையாவா?"

ஆமாம் மாமா, ஒற்றையாகத்தான் என்றேன். அவர் பிடித்துவந்த ஜோடி பக்கத்துப் பெட்டியில் இருந்தது. அதன் ஊசிச் சீட்டில், பிடித்தவர் என்று அவர் பெயரை அக்கா கடுகளவு எழுத்தில் எழுதியிருந்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை லென்ஸில் காட்டினேன். இதெல்லாம் கணக்கில் சேராது என்று தள்ளிவிட்டார். அதற்குள் அக்கா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். தச்சர் திரும்பவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஆள் கிடைத்தும் இவர்களை ஏன் தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். அக்கா வந்து, சிவப்புச் சீட்டுக்கென்று வைத்திருந்த கறுப்பியின் ஊசியைப் பிடுங்கிப் பழையவன் பக்கத்தில் குத்தினார். தச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. இதுங்களப் பாத்தா புருஷன் பொண்டாட்டின்னு எவன் சொல்வான்? நம்மளையே எவனும் சொல்லல."

அக்கா சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. நான் என் மேஜைக்குப் போய்ப் பேனாவுக்கு மை ஊற்றினேன்.

அடுத்து வந்த ஞாயிறன்று கூட்டை வரைவதற்காகப் பட்டறைக்குப் போனேன். அக்கா மரத்தூளில் உட்கார்ந்து கூரை ஓரத்துக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தச்சர் புதுக் கட்டையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா வந்திருந்தார், கூடவே சாவி செய்கிறவரும் இன்னும் இரண்டு பேரும். அந்த அம்மாள் கேட்காமல் இருப்பாரா. உன் பெயரை வைக்கவில்லையாமே, அப்படியென்றால் எங்கேயும் உன் பேர் இல்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஊசியக்காவின் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன்.

தச்சர் துளையிலிருந்த தூளை வாயால் ஊதினார்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொல்வாங்கள்ல. அதுங்களுக்கு வீடும் கட்டிட்டேன், நூறு வருஷமா ஒத்தையில கெடந்தவனுக்குக் கல்யாணமும் பண்ணி வெச்சுட்டேன்க்கா. பேர வேற யாராவது வெச்சுக்கட்டும்."

சாவி செய்கிறவர்தான் முதலில் சிரித்தார். ஊசியக்கா திரும்பி, கணவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு, "என்னங்க, புல்லு எடுத்துட்டு வருது" என்று மெதுவாகச் சொன்னார். தச்சர் துளை போடும் மெஷினை நிறுத்தினார்.